பார்வை நரம்புல விழுந்த தழும்பு: ஒன்றரை வருஷ அனுபவம்

பைக்ல இருந்து விழுந்தப்போ வலது புருவத்துக்கு மேல சரியான அடி, ஆறு தையல் போட்டாங்க, தலைக்கு ஸ்கேன் எடுத்தாங்க, மூளையில ரத்தக்கசிவு இல்லன்னு சொன்னதும் வீட்ல எல்லாருக்கும் பெரிய நிம்மதி. கண்ணு வீங்கி மூடியே இருந்ததால அதுல பார்வை இருக்கா இல்லையான்னு யாரும் பாக்கல, நானும் கேக்கல. மூணாம் நாள் வீக்கம் கொஞ்சம் வத்துனப்புறம் முகம் கழுவிட்டு இடது கண்ண துண்டால தொடைக்கும்போதுதான் தெரிஞ்சுது, எதிர்ல இருக்கற கண்ணாடியில என் முகத்தோட கீழ்ப்பாதி இல்ல. மேல்பாதியும் புகைக்குள்ள இருக்கற மாதிரி. அதனால முதல்லயே சொல்லிடறேன், நெத்தியிலயோ புருவத்துலயோ பலமா அடிபட்டா, கண்ணு சிவக்கலன்னாலும் ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க. இமை வீங்கியிருந்தா நீங்களா அழுத்தித் திறக்காதீங்க, டாக்டரைத் திறந்து பாக்கச் சொல்லி கேளுங்க.

கண் டாக்டர் என் அம்மா வயசுக்காரங்க, கடைசி வரைக்கும் அவங்கதான் பாத்தாங்க. ரூம் லைட்ட அணைச்சுட்டு டார்ச்ச ரெண்டு கண்ணுக்கும் மாத்தி மாத்திக் காட்டுனாங்க. நல்ல கண்ணுல வெளிச்சம் பட்டா ரெண்டு பாப்பாவும் சுருங்குது, அப்படியே டார்ச்ச வலது கண்ணுக்குக் கொண்டு வந்தா சுருங்கியிருந்த பாப்பா ரெண்டும் விரியுது. அதாவது அந்தக் கண்ணு வழியா மூளைக்குப் போற வெளிச்ச சேதி குறைஞ்சுடுச்சு. அப்புறம் சொட்டு மருந்து பாட்டிலோட சிவப்பு மூடியக் காட்டி என்ன கலர்னு கேட்டாங்க. இடது கண்ணுல ரத்தச் சிவப்பு, வலது கண்ணுல பழைய செங்கல் மாதிரி. ஆனா உள்ள லென்ஸ் வச்சுப் பாத்தப்போ நரம்பு கண்ணுக்குள்ள நுழையற இடம், அந்த வட்டம், நல்ல ரோஸ் கலர்ல இருக்குன்னாங்க. நான் சந்தோஷப்பட்டேன். அவங்க என் கையைப் பிடிச்சு, "இப்ப அப்படித்தான் தெரியும் தம்பி, அடி அதுக்குப் பின்னாடி பட்டிருக்கு, ஒரு மாசம் ஒன்றரை மாசம் ஆனாத்தான் இங்க வெளிறும்"னு சொன்னாங்க.

புருவத்துல பட்ட அடி நரம்புக்கு எப்படிப் போச்சுன்னு எனக்குப் புரியவே இல்ல. கண்ணுல இருந்து மூளைக்குப் போற வழியில அந்த நரம்பு சுமார் 1 செ.மீ. நீளமுள்ள ஒரு எலும்புக் குழாய்க்குள்ள புகுந்து போகுது, அங்க நரம்போட உறை எலும்போட ஒட்டியே இருக்கு. புருவ எலும்புல விழுற வேகம் எலும்பு வழியாவே அந்தக் குழாய்க்குப் போய் நரம்பை இழுத்துடுது, இழுபட்ட நரம்பு வீங்குது, வீங்க இடம் இல்லாததால ரத்த ஓட்டமும் நசுங்குது. எலும்பு உடைஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல, எனக்கு உடையல.

வீக்கத்தைக் குறைக்கற மருந்தான ஸ்டீராய்டு போடலாமான்னு அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டான். டாக்டர் பொறுமையா சொன்னாங்க: 1999ல வந்த ஒரு பன்னாட்டு ஆய்வுல ஸ்டீராய்டு, ஆபரேஷன், சும்மா கவனிச்சுக்கிட்டு இருக்கறது மூணையும் பாத்தாங்க, சிகிச்சை கொடுத்தவங்களுக்குத் தெளிவா கூடுதல் பலன்னு ஒண்ணும் தெரியல. தலையில அடிபட்டவங்க பத்தாயிரம் பேரை வச்சு நடந்த வேற ஒரு ஆய்வு 2004ல வந்துச்சு, அதுல ரொம்ப அதிக அளவு ஸ்டீராய்டு கொடுத்தவங்கள்ல சாவு கூடத்தான் இருந்துச்சு. எனக்கும் தலையில அடி. சிலருக்குத் தானாவே கொஞ்சம் பார்வை திரும்பும்னும் சொன்னாங்க. காத்திருக்கறதுன்னு முடிவு பண்ணோம். எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமான முடிவா இருந்துச்சு, ஒண்ணும் செய்யாம இருக்கறது தப்பு பண்ற மாதிரியே இருக்கும், ராத்திரி தூக்கம் வராது.

பத்து நாள்ல தையல் பிரிச்சாங்க. புருவத் தழும்பு அழகா ஆறுது, அப்ப உள்ள இருக்கறதும் ஆறும்தானேன்னு நெனச்சேன். எங்கயோ ‘நரம்புல தழும்பு விழுந்தா சேதி போகாது’ன்னு படிச்சதுல இருந்து அந்தத் தழும்பு மேலதான் என் கோவமெல்லாம், அதை எடுத்துட்டா பார்வை வந்துடும்னு முழுசா நம்புனேன். ரெண்டாவது மாசம் போனப்போ இதை அவங்ககிட்ட கேட்டேன், அன்னைக்கு அவங்க பேப்பர்ல வரைஞ்சு காட்டுனது இப்பவும் எங்கிட்ட இருக்கு.

பார்வை நரம்புன்னு பேர்தான் நரம்பு, கை கால்ல ஓடற நரம்பு ரகம் இல்ல அது, மூளையோட ஒரு நீட்சி. ஒரு கண்ணுக்கு சுமார் 12 லட்சம் இழை. அந்த இழைகளுக்கு உரிமையான செல் எல்லாம் விழித்திரையில உக்காந்திருக்கு. நடுவுல இழை அறுந்தா மூளைப்பக்கம் இருக்கற துண்டு முதல்ல சாகுது, கண்ணுப்பக்கம் இருக்கற துண்டு மெதுவா பின்னோக்கி வாடிக்கிட்டே வந்து கடைசியில பெரும்பாலான செல்லும் செத்துடுது. அந்த வட்டம் வெளிற ஒரு மாசத்துக்கு மேல ஆகறது இதனாலதான்.

இது நடக்கறப்பவே இன்னொரு பக்கம் தழும்பு வேலை ஆரம்பிச்சுடுது. முதல்ல வர்றது மைக்ரோக்ளியா, நரம்புக்குள்ளயே காவல் இருக்கற செல்லுங்க, அடிபட்ட சில மணி நேரத்துலயே உருவம் மாறி அந்த இடத்துக்கு நகர ஆரம்பிச்சுடும். ரத்தக்குழாய் சுவர் கசிஞ்சா ரத்தத்துல இருந்தும் குப்பை தின்னற செல்லுங்க உள்ள வரும். அப்புறம் ஆஸ்ட்ரோசைட், நட்சத்திரம் மாதிரி கை நீட்டிக்கிட்டு இருக்கற செல், சாதாரண நாள்ல இழைகளுக்கு சாப்பாடு, உப்பு எல்லாம் சரிபாத்துக்கிட்டு இருக்கும், அடிபட்டதும் பருத்து, உள்ளுக்குள்ள நாரை அதிகமாக்கி, அடுத்த நாட்கள்ல கைகளைப் பின்னிக்கிட்டு செத்த இடத்தைச் சுத்தி வேலி கட்டுது. வாரக்கணக்குல அது இறுகுது. தோல் தழும்புல முக்கியமா கொலாஜன்ங்கற நார்ப்புரதம், இங்க முக்கியமா இந்த ஆஸ்ட்ரோசைட் பின்னல்தான். நரம்போட உறையே கிழிஞ்சிருந்தா வெளியில இருந்து ஃபைப்ரோபிளாஸ்ட்ங்கற நார் நெய்யற செல்லுங்க வந்து கொலாஜனையும் போடும். இதோட கோந்து மாதிரி சர்க்கரை ஒட்டுன புரதங்களும் அங்க சேருது, புதுசா ஒரு இழை முளைச்சு வந்தாலும் அதுல பட்டு நின்னுடும். செத்த இழையைச் சுத்தியிருந்த மயலின்ங்கற கொழுப்பு உறையோட துண்டுகளும் வளராதேன்னு தடுக்கற பொருளை வச்சிருக்கு, கை நரம்புல அந்தக் குப்பை சில வாரத்துல சுத்தமாகிடும், இங்க மாசக்கணக்கா, சில சமயம் வருஷக்கணக்கா கெடக்கும்.

நான் உடனே, "அப்ப அந்த வேலியைக் கரைச்சா போதும்ல மேடம்?"னு கேட்டேன். அந்த வேலி இல்லாம பாத்திருக்காங்க தம்பின்னாங்க. எலிங்களோட தண்டுவடத்துல ஆஸ்ட்ரோசைட் தழும்பு உருவாகாம தடுத்தப்போ இழை வளரவும் இல்ல, வீக்கம் பரவி சேதம்தான் அதிகமாச்சு. 2016ல வந்த ஒரு ஆய்வு, அந்தத் தழும்பு இழை வளர்றதுக்கு உதவியும் பண்ணுதுன்னு காட்டுச்சு. வளராம இருக்கறதுக்குப் பெரிய காரணம் அந்த செல்லுங்களே வளர்ற சக்தியைப் பிறந்த கொஞ்ச நாள்லயே இழந்துடறது. மீன், தவளைக்கெல்லாம் பார்வை நரம்பு வெட்டுப்பட்டாலும் திரும்ப வளருது. 1980கள்ல எலியோட கால் நரம்புத் துண்டை வெட்டுன பார்வை நரம்போட ஒட்ட வச்சப்போ சில இழைங்க அதுக்குள்ள வளர்ந்துச்சு. ஆனா மனுஷனுக்குன்னு இன்னும் எதுவும் கைக்கு வரல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அழுதேன், ஆனா அந்தத் தழும்பு மேல இருந்த கோவம் போயிடுச்சு. அது என் பார்வையை எடுக்கல, எடுத்தது அந்த அடி, தழும்பு வந்தது மிச்சத்தைக் காப்பாத்த வேலி போடத்தான்.

மூணாவது மாசம் ஓசிடி ஸ்கேன்ல, அதாவது வெளிச்சத்தை வச்சு விழித்திரையோட அடுக்குகளை அளக்கற ஸ்கேன்ல, இழை அடுக்கோட தடிமன் நல்ல கண்ணுல 98 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), இதுல 61. முதல் வாரம் இதுலயும் 97தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் ஆறாவது மாசம், ஒரு வருஷம், ஒன்றரை வருஷம், 60க்கும் 61க்கும் நடுவுலயே நிக்குது. 60 இருக்குன்னா பாதிக்கு மேல இழை உயிரோட இருக்குன்னு நான் கணக்குப் போட்டு வச்சிருந்தேன், அதுவும் தப்பு. இழை மொத்தமும் போனாலும் 50 பக்கத்துலயே நம்பர் நின்னுடுமாம், ஏன்னா அங்க மிச்சம் இருக்கறது ரத்தக்குழாயும் ஆஸ்ட்ரோசைட் மாதிரி தாங்கு செல்லுங்களும். ஸ்கேன் பேப்பர்ல நான் பாத்துக்கிட்டு இருந்ததுல பெரும்பங்கு இழையே இல்ல. இதை யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா ஒவ்வொரு மைக்ரானுக்கும் அப்படி உயிரை விட்டிருக்க மாட்டேன், அதனாலதான் இங்க எழுதறேன். பார்வையை அளக்க, சுத்தி எவ்வளவு தூரம் தெரியுதுன்னு பாக்கற ஃபீல்டு டெஸ்ட்டையும், எழுத்து போர்டையும், கலர் டெஸ்ட்டையும் சேத்துப் பாருங்க. நான் விரல் எண்ற நிலைமையில இருந்து ரெண்டரை மாசத்துல போர்டுல மூணாவது வரி வரைக்கும் வந்தேன், அதுக்கு மேல போகல. கீழ்ப்பாதி வரல.

நடுவுல ஸ்டெம்செல் ஊசின்னு ஒருத்தர் பேச ஆரம்பிச்சாரு, அண்ணன் பணம் கூட ஏற்பாடு பண்ணிட்டான். டாக்டர்கிட்ட கேக்காம போகாதீங்க. 2017ல வெளிவந்த ஒரு மருத்துவ அறிக்கை, அமெரிக்காவுல வேற ஒரு கண் நோய்க்காக ஒரே கிளினிக்ல ரெண்டு கண்லயும் அப்படி ஊசி போட்டுக்கிட்ட மூணு பெண்களுக்கு இருந்த பார்வையும் ரொம்ப மோசமா போனதைச் சொல்லுது. எனக்கு இன்னொரு கண்ணு நல்லா இருக்கு, அதைக் காப்பாத்தறதுதான் இப்ப முதல் வேலை, அதனால சுலபத்துல உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி இல்லாம வெளிய போறதே இல்ல.

படி இறங்கறதுக்குத் தலையைக் குனிஞ்சு பழகுனேன், டம்ளர்ல தண்ணி ஊத்தும்போது ஜக்கோட மூக்கை டம்ளர் விளிம்புல தொட வச்சு ஊத்துவேன், இதெல்லாம் நாலஞ்சு மாசத்துல கைக்கு வந்துடுச்சு. அந்த சிவப்பு மூடி இப்பவும் மேஜை மேலதான் இருக்கு. முன்னாடி தினமும் காலையில கண்ண மூடி மூடிப் பாப்பேன், இப்ப அடுத்த செக்கப்புக்கு முந்தின நாள் மட்டும் எடுத்துப் பாக்கறேன். இன்னும் செங்கல் கலர்தான்.