தோற்ற தாளே பாடப்புத்தகம்

பிளாப் 2 சித்தியடைந்துவிட்டேன். வெளிநாட்டில் படித்த வைத்தியர்கள் பிரித்தானியாவில் வேலை செய்ய எழுதும் பிளாப் தேர்வின் இரண்டாம் பகுதி அது; மன்செஸ்டரில் நடக்கும் செயன்முறைப் பரீட்சை. பெறுபேறு வந்து ஒன்பது நாளாகியும் நெஞ்சுப் படபடப்பு அடங்கவில்லை. இது இரண்டாவது முயற்சி. முதல் முயற்சியில் அப்பா பெரும்போக நெல் விற்ற காசு முழுவதும் விமான டிக்கெட்டிலும் விசாவிலும் மன்செஸ்டர் அறை வாடகையிலும் கரைந்தது. அது ஏன் வீணானது என்பதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன். விண்ணப்பிக்கும் முறையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே.

கிளிநொச்சி மாவட்டத்தில் வைத்தியசாலை ஒன்றில் வைத்தியராக வேலை செய்கிறேன். எழுத்துப் பரீட்சையான பிளாப் 1 கொழும்பில் எழுதினேன். 180 கேள்வி, மூன்று மணித்தியாலம். அதற்காக ‘ரீகால்’ கோப்புகள் மூன்றைக் காசு கொடுத்து வாங்கினேன்; முன்பு எழுதியவர்கள் நினைவிலிருந்து எழுதிவைத்த கேள்விகள் அவை. கர்ப்பிணி, ஒரு பக்கக் கெண்டைக்கால் வீக்கம், அடுத்து என்ன பரிசோதனை என்ற ஒரே கேள்வி மூன்றிலும் இருந்தது. ஒன்றில் அவளுக்குக் கர்ப்பம் 12 வாரம், இன்னொன்றில் 32 வாரம். மூன்றாவதில் மூச்சுத் திணறலும் சேர்ந்திருந்தது. விடையும் மூன்று. எது பரீட்சையில் வந்த கேள்வி, எது எழுதியவரின் களைத்த மூளை புனைந்தது என்று எவருக்கும் தெரியாது. வினாத்தாள் வெளியிடப்படுவதில்லை, கேள்விகளை வெளியே சொல்லமாட்டோம் என்று நாமும் ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம். அந்த இருட்டில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

இது வெறும் காசு நட்டமும் அல்ல. 2024 ஜனவரியில் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வில், கேள்விகளை முன்கூட்டியே அறிந்திருந்தார்கள் என்ற சந்தேகத்தில், நேபாளத்துடன் தொடர்புடைய 832 பேரின் புள்ளிகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. அவர்களில் நேர்மையாகப் படித்தவர்களும் இருந்தால் அவர்கள் யாரிடம் போய் நிரூபிப்பது? அந்தச் செய்தியை வாசித்த அன்றே என் கோப்புகளை அழித்துவிட்டேன்.

பிளாப் 1 எப்படியோ தாண்டியது. பிளாப் 2 தாண்டவில்லை.

பிளாப் 2 நிலையம் நிலையமாக நடக்கும்; ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் நோயாளியாக நடிப்பவர் ஒருவரை எட்டு நிமிடம் பார்க்க வேண்டும். ஒரு தனியார் ஒன்லைன் வகுப்பு ஒவ்வொரு நிலையத்துக்கும் மனப்பாட வசனம் தந்தது. இரவுக் கடமையில் வார்ட் அமைதியானதும் அவற்றை உருப்போட்டேன். பரீட்சை அறையில், நோயாளியாக நடித்த பெண் கண் கலங்கியபோதுகூட என் வாயிலிருந்து அடுத்த வசனம்தான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், ஆனால் நிறுத்தவில்லை.

தோல்வி வந்த அன்று அந்தப் பெறுபேற்று அறிக்கையைத் திறந்து மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு மூடினேன். மூன்று வாரம் தொடவில்லை. நான் செய்த பெரும் பிழை இதுதான். வசனம் மனப்பாடம் செய்ததைவிடவும் பெரிய பிழை.

அந்த அறிக்கையில் எல்லாம் இருந்தது. 16 நிலையங்களுக்கும் தனித்தனிப் புள்ளி. ஒவ்வொன்றிலும் தகவல் திரட்டல், சிகிச்சை முகாமை, நோயாளியுடனான உறவாடல் என மூன்று பிரிவு; பிரிவுக்கு 4. அதோடு, நேரம், நல்லுறவு, செவிமடுத்தல் போன்ற தலைப்புகளில் எங்கே பிசகினோம் என்ற பரீட்சகர் குறிப்பு. ஒரு சி.ஆர். கொப்பியில் கோடு கீறி அத்தனை எண்களையும் கையால் எழுதினேன். முதல் நிரலில் 4, 3, 4, 4. இரண்டாவதில் 2, 1, 2. மூன்றாவதில் 1, 2, 1, 1. மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டு போனபோது அழுகை வந்தது. நோயை நான் எல்லா இடத்திலும் கண்டுபிடித்திருக்கிறேன். மனிதரைத்தான் காணவில்லை.

காரணம் இங்கேதான் இருந்தது. காலை வெளிநோயாளர் பிரிவில் துண்டுகள் கட்டுக்கட்டாக வரும். கேள்வி, ஸ்டெதஸ்கோப், மருந்து, அடுத்தவர். எங்கள் சனமும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. டொக்டர் சொன்னால் சரி. இந்தப் பழக்கத்தோடு மன்செஸ்டர் போனால் எத்தனை வசனம் பாடமாக்கினாலும் மூன்றாவது நிரல் நிரம்பாது.

அதனால் இரண்டாம் முறை இங்கேயே, தமிழிலேயே பயிற்சி செய்தேன். நாளுக்குப் பத்து நோயாளிகளிடமாவது ஒரே கேள்வியைக் கேட்பது என்று முடிவெடுத்தேன்: “உங்களுக்கு எதை நினைத்துப் பயமாக இருக்கிறது?” முதல் வாரம் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் வாரம், கால்விரலில் ஆறாத புண்ணோடு வந்த நீரிழிவு நோயாளியான ஓர் அம்மா சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் அந்தக் காலை மூடிக்கொண்டு சொன்னார்: “மகனுக்கு ஷெல்லில் கால் போனது, தம்பி. எனக்கும் எடுத்துவிடுவீர்களோ?” அவர் நான்கு மாதம் கிளினிக்குக்கு வராததன் காரணம் அந்த ஒரு வசனத்தில் இருந்தது. மருந்துக் கொப்பியில் ‘ஒழுங்காக வருவதில்லை’ என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தேன்.

இரண்டாம் முறை மன்செஸ்டரில் இதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டேன். மொழி மாறியதே தவிர, கேட்டது அதே வாய்.

அவசரமாகச் சில:

– தோற்றவர்கள் அறிக்கை வந்த அன்றே அதைக் கையால் ஒரு கொப்பியில் எழுதுங்கள். நிலையம் வாரியாக வாசிக்காமல் நிரல் வாரியாக வாசியுங்கள்.
– முதல் தடவை எழுதுபவர்கள், இந்தப் பரீட்சையை நடத்தும் பிரித்தானியப் பொது மருத்துவச் சபை வெளியிட்டிருக்கும் உள்ளடக்க வரைபடத்தையும் (எவையெல்லாம் கேட்கப்படலாம் என்ற பட்டியல்) புள்ளியிடும் முறையையும் வாசித்த பின்பே எந்த வகுப்புக்கும் காசு கட்டுங்கள்.
– ஒவ்வொரு நிலையத்துக்கும் முன் கிடைக்கும் 90 வினாடி வாசிப்பு நேரத்தில் நோய்ப்பட்டியல் போடாதீர்கள். ‘இவர் என்னிடமிருந்து எதை எதிர்பார்த்து வருகிறார்’ என்று மட்டும் யோசியுங்கள்.
– எட்டு நிமிடத்தில் ஐந்தாவது நிமிடம் வந்ததும் சிகிச்சைக்குப் போய்விடுங்கள். நோயின் வரலாற்றில் பாதியைக் கேளாமல் விட்டால்கூடப் பரவாயில்லை.
– கூட்டமாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. வவுனியாவில் இருந்த ஒரே நண்பருடன் ஞாயிறு மட்டும் பயிற்சி செய்தேன். பத்துப் பேர் சேரும் குழுவில் ஐந்து பேர் பேசுவார்கள், ஐந்து பேர் பயப்படுவார்கள்.
– நான்கு முயற்சி இருக்கிறதே என்று ஒன்றைப் பரிசோதனையாக எழுதிப் பார்க்காதீர்கள்.

இந்தப் பரீட்சையிலும் மூடிய கதவுகள் உண்டு. பரீட்சகரின் கணிப்பு தவறு என்று மேன்முறையீடு செய்ய முடியாது; நடைமுறைக் குறைபாட்டுக்குத்தான் இடம். பெரிய அமைப்புகளில் பிழையே நேராது என்று நம்புகிறவர்கள் பிரித்தானியாவின் பொது மருத்துவ மேற்படிப்புத் தேர்வான எம்.ஆர்.சி.பி.யின் பகுதி 2 எழுத்துப் பரீட்சைக்கு நேர்ந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். 2023 செப்டெம்பரில் எழுதியவர்களில் 283 பேருக்குப் பிழையான பெறுபேறு போயிருந்தது என்று 2025 பெப்ரவரியில்தான் அறிவித்தார்கள். 222 பேர் சித்தியடையாமலே சித்தி என்று அறிவிக்கப்பட்டவர்கள். 61 பேர் சித்தியடைந்தும் தோல்வி என்று கேட்டவர்கள். அந்த 61 பேரும் ஒன்றரை வருடம் தம்மைத்தாமே எப்படி நொந்திருப்பார்கள்! ‘நான் சரியாகத்தான் எழுதினேன்’ என்று உள்ளே ஒரு குரல் சொல்லியிருந்தாலும் அதைச் சரிபார்க்க அவர்கள் கையில் எதுவும் இருந்திருக்காது. ஆகவே பிரித்துக் காட்டப்பட்ட புள்ளியைச் சலுகை என்று நினைக்காதீர்கள். அது எழுதியவரின் உரிமை.

வன்னியை விட்டுப் போகிறாயா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வைத்தியர்கள் போதாத மண் இது என்று எனக்கும் தெரியும். பயிற்சிக்குப் போகிறேன். அந்தக் கேள்வி வலிக்கிறது, வலிக்கட்டும்.

என் சித்தியின் மகள் வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு வந்து, இங்கே வைத்தியராகப் பதிவு பெறுவதற்கான வேறொரு தேர்வில் இரண்டு தடவை தவறியவள். எந்தப் பாடத்தில் எத்தனை புள்ளி குறைந்தது என்பது அவளுக்குத் தெரியாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப்பார் என்றேன். சட்டத்தால் நிறுவப்பட்ட அமைப்புகள் எல்லாம் அதற்குள் அடங்கும், தமிழில் எழுதலாம், தரமுடியாது என்றாலும் காரணம் சொல்லியாக வேண்டும். “கேட்டால் கோபித்து அடுத்த தடவையும் விழுத்திவிடுவார்களோ, அண்ணா?” என்று பயந்தாள். அவளுக்கும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, மாங்குளத்தில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து கடிதத்தை எழுதுவித்தேன். கேட்டது ஒன்றே ஒன்று: என்னுடைய புள்ளிகள், பாடவாரியாக. திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போட்டாள். பதினான்கு வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். கலண்டரில் நாட்களை வெட்டிக்கொண்டிருக்கிறாள்.