ஆதி தாளத்தில் பிரெஞ்சு எண்கள்

சென்னைப் பள்ளிகளில் இரண்டாம், மூன்றாம் வகுப்புக்குப் பாட்டும் பிரெஞ்சும் எடுப்பவர்கள் செய்து பார்க்கலாம். பிரெஞ்சில் 1 முதல் 8 வரை எல்லாமே ஓரசைச் சொற்கள்: அ(ன்), தோ, த்ருவா, காத்ர், சேங்க், சீஸ், செத், யுயித். கர்நாடக இசையின் ஆதி தாளத்துக்கும் 8 எண்ணிக்கைதானே! ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல், பிறகு தட்டு-வீச்சு (வீச்சு: உள்ளங்கையை மேலே திருப்புவது) இரண்டு முறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்.

தவறு எங்கே வரும்? 'காத்ரு', 'செத்து', 'சீஸு' என்பார்கள். 'பஸ்' நம் வாயில் 'பஸ்ஸு' ஆகிற அதே பழக்கம். ஓரசை ஈரசையானதும் விரல் பிந்தும், குழந்தைக்கே தெரிந்துவிடும். திருத்தத் தனியாக விளக்க வேண்டாம், தாளமே திருத்தும். வேகத்தை மட்டும் கூட்டாதீர்கள். முதல் வாரம் முதல் காலமே (மெதுவான வேகமே) போதும்.

எட்டின் தொடக்க ஒலிக்கு உதட்டை 'ஊ' போலக் குவித்து உள்ளே 'ஈ' சொல்லச் சொல்லுங்கள். 'அ(ன்)'-இல் நாக்கு மேலண்ணத்தைத் தொடக்கூடாது. காற்று பாதி மூக்கு வழியாகப் போக வேண்டும்.

அடுத்து அதே தாளத்தில் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, அதாவது ஆரம்ப ஸ்வரப் பயிற்சி. சுருதிதான் பெரிய சிக்கல். ஆண் ஆசிரியர் தன் வசதிக்கு 1 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) பாடினால் பிள்ளைகள் கீழ் ஸட்ஜமத்தில் ('ஸ'வில்) உறுமுவார்கள், அல்லது கத்துவார்கள். தம்புரா ஆப்பை 5½ அல்லது 6 கட்டையில் வையுங்கள். போன் ஸ்பீக்கர் நாற்பது பேருக்குப் போதாது, சின்ன புளூடூத் ஸ்பீக்கர் வேண்டும். மின்விசிறிச் சத்தம் வேறு இருக்கிறதே!

எழுத்து வடிவம் இப்போது வேண்டாம். எழுதிக் காட்டினால் 'செத்'தில் எழுதப்படும் 'ப'வையும் சேர்த்துப் படிப்பார்கள்.