துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கும் நாட்கள்

2024 மார்ச் 18, திங்கள்

துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வந்தாயிற்று. சனிக்கிழமைதான் தேர்தல் தேதி அறிவித்தார்கள், இன்று காலை எட்டு மணிக்கே ஸ்டேஷனிலிருந்து போன். குழலைக் கழற்றி, எண்ணெய்த் துணி சுற்றி, உறையில் போட்டுக் கொடுத்தேன். ரசீதில் துப்பாக்கி நம்பரும் தோட்டா எண்ணிக்கையும் சரியாக இருக்கிறதா என்று நின்று படித்துப் பார்த்துத்தான் வெளியே வந்தேன். இங்கே கேரளத்தில் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 26. எண்ணுவது ஜூன் 4. தேர்தல் நடத்தை விதி முடிகிறவரை துப்பாக்கி கைக்கு வராது.

பேங்க் காவலாளிக்கு விலக்கு உண்டு. போட்டிகளில் சுடுகிறவர்களுக்கு விலக்கு உண்டு. பயிரை அழிக்கிற காட்டுப்பன்றியைச் சுடுவதற்காகப் பஞ்சாயத்தே பட்டியலில் சேர்த்த எங்களுக்கு இல்லையா என்று கேட்டேன். "கலெக்டருக்கு எழுதிப் பாருங்கண்ணா" என்றார் ரைட்டர். எழுதிப் போட்டிருக்கிறேன்.

மார்ச் 20

ஸ்டேஷனில் துப்பாக்கியை வைத்த அறையின் சுவரில் ஈரம் ஊறியிருந்தது. ராத்திரி முழுக்க அதுதான் நினைப்பு.

மார்ச் 23, சனி

கீழ்வீட்டுக்காரரின் மரவள்ளி போய்விட்டது. பன்றிகள் அடிவரை கிளறி, கிழங்கைக் கடித்து, பாதியை மண்ணிலேயே துப்பிவிட்டுப் போயிருக்கின்றன. அவருடைய மனைவி வரப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். என்ன சொல்வது? துப்பாக்கி இல்லை என்றேன். அவருக்கும் தெரியும்.

தங்கை மகன் கூட வந்தான். அவனுக்குத் தடம் காட்டினேன். மிளா மானின் தடத்தில் இரண்டு குளம்பு மட்டும் பதியும். பன்றி என்றால் ஈர மண்ணில் பின்னால் இரண்டு பக்கமும் சின்னக் குளம்பு ஒதுங்கிப் பதிந்திருக்கும். ஒரு கிழப் பெட்டை, அதன் பின்னால் வளர்ந்த குட்டிகள். கூட்டத்தை நடத்துவது எப்போதும் பெட்டைதான். ஆண் தனியாகத்தான் திரியும்.

இவற்றிலிருந்து ஒதுங்கி, ஓடை ஓரமாக இன்னொரு தடம் போயிருந்தது. பெரிய உருப்படி. முன் வலது கால் பதியவே இல்லை. அது பதிய வேண்டிய இடத்தில் குளம்பின் பிளவு இல்லாத ஒரு குழி மட்டும். "இது என்ன மாமா?" என்றான். கம்பி என்றேன். யாரோ வைத்த சுருக்குக் கம்பியில் மாட்டி, காலை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது.

மார்ச் 25

கலெக்டர் ஆபீசிலிருந்து பதில் இல்லை.

மார்ச் 31, ஞாயிறு

ஈஸ்டருக்குப் போன வீட்டில் பன்றிப் பேச்சுதான். மத்திய அரசு காட்டுப்பன்றியைக் கொல்லத்தக்க பிராணி என்று அறிவித்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார். கேரள அரசு பல தடவை கேட்டுவிட்டது, டெல்லி மறுத்துவிட்டது. மறுத்தது சரி என்று நான் சொன்னேன். யாருக்கும் பிடிக்கவில்லை.

இப்போதிருக்கும் முறை எனக்குத் தெரியும். 2022 மே முதல் பஞ்சாயத்து பிரசிடென்ட் உத்தரவு போடலாம். லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற, பட்டியலில் இருக்கிற ஆள் சுடலாம். விஷம் கூடாது, வெடி கூடாது, கரன்ட் கம்பி கூடாது. பால் கொடுக்கிற பெட்டையைத் தொடக்கூடாது. சுட்டதை எழுதி வைக்க வேண்டும், வனத்துறைக்குத் தகவல் போக வேண்டும், புதைக்க வேண்டும். எரிச்சலூட்டும் நடைமுறைதான். ஆனால் எந்தப் பன்றி, யார் சுட்டது, எங்கே புதைத்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறான். அறிவிப்பு வந்துவிட்டால் அந்த ஆள் இருக்க மாட்டான். சுருக்குக் கம்பி வைக்கிறவனும், பழத்துக்குள் வெடி மறைத்து அவுட்டுக்காய் வைக்கிறவனும் வெளிச்சத்தில் வந்து வைப்பார்கள்.

அப்புறம் கறி விஷயம். மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அப்பா இருந்திருந்தால் அந்தக் குழியைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். கொன்றதைத் தின்ன வேண்டும், தின்னாததைக் கொல்லக்கூடாது என்பதைத்தான் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தார். இருந்தும் மண்ணெண்ணெய் ஊற்றட்டும் என்றுதான் சொல்வேன். கறிக்கு ஒரு விலை வந்துவிட்டால் மரவள்ளிக் காட்டில் பன்றி வருவதற்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். காட்டுக்குள்ளேயே போய்விடுவார்கள்.

ஏப்ரல் 4

என்ன வெயில். ஏலச்செடி தண்டோடு காய்கிறது. படுதா விரித்த குளத்தில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. மேலே காட்டிலும் தண்ணீர் இருக்காது, எல்லாம் கீழேதான் இறங்கும்.

ஸ்டேஷனில் இருக்கும் துப்பாக்கிக்கு வெயில் காலம் பரவாயில்லை, துரு பிடிக்காது. மழை வந்தால்தான் பயம்.

ஏப்ரல் 7, ஞாயிறு

தங்கை மகன் போனில் ஒரு படம் காட்டினான். எவனோ செத்த பன்றி மேல் காலை வைத்து, துப்பாக்கியைத் தோளில் சாய்த்து, சிரித்துக்கொண்டு நிற்கிறான். குழல் வாய் பக்கத்தில் நிற்கிறவனின் காதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முதலில் அதைப் பார் என்றேன். அவன் பன்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு லைசன்ஸ் எடுக்க ஆசை. எடுக்கட்டும். பயிற்சிச் சான்றிதழ், டாக்டர் சான்றிதழ், போலீஸ் ரிப்போர்ட் எல்லாம் அலைந்து வாங்கட்டும். ஆனால் துப்பாக்கி கைக்கு வருவதற்கு முன்னால் ஒரு மழைக்காலம் முழுக்க வெறுங்கையோடு என்னோடு பரணில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

என்னுடைய துப்பாக்கி பன்னிரண்டு 'போர்' குழல் அளவுள்ள இரட்டைக்குழல். முன் விசை வலக்குழலுக்கு, பின் விசை இடக்குழலுக்கு. இடக்குழலின் வாய் கொஞ்சம் குறுகல், குண்டு சிதறாமல் தூரம் போகும். பன்றிக்குப் பெரிய குண்டுகள் உள்ள எல்.ஜி. தோட்டா. சிறு குண்டு போட்டுப் பன்றியைச் சுடுகிறவனிடம் லைசன்ஸ் இருக்கக்கூடாது. வளர்ந்த ஆணுக்குத் தோள் மேல் தோலுக்கடியில் தடித்த கவசம் இருக்கிறது, அதில் பட்டால் இறங்காது. முன்னங்கால் மடிப்புக்குப் பின்னால், உடம்பின் கீழ்ப் பாதியில் வாங்க வேண்டும். முப்பது அடி வைப்புக்கு அப்பால் நிற்கிறதை நான் சுடுவதில்லை. நாற்பதில் விழும் என்பார்கள். விழும்தான், ஆனால் எங்கே போய் விழும்? பின்னால் மண்திட்டு இல்லாமல் சுடுவதில்லை. டார்ச் வெளிச்சத்தில் கண் மட்டும் தெரிந்தால் சுடுவதே இல்லை. முழு உடம்பும் தெரிய வேண்டும். மாட்டுக்கும் கண் மின்னும், நாய்க்கும் மின்னும்.

இதெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொண்டே குடைக்கம்பை எடுத்துத் தோளில் வைக்கச் சொன்னேன். கன்னத்தைச் சாய்க்காமல் தலையைத் தூக்கி வைத்தான். திருத்தினேன். விரலை விசையில் வைத்துக்கொண்டே திரும்பினான். கம்பை வாங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 11

கம்பி கிடைத்தது. பைக்கின் கிளட்ச் ஒயர். ஓடைக்கு இறங்கும் வழியில், கொங்கிணிப் புதருக்கு நடுவில், முழங்கால் உயரத்தில் தொங்கியது. முடிச்சு புதியது. நுனியை வெட்டி, உருட்டிக் கொண்டுவந்து வனத்துறை வாட்சரிடம் கொடுத்தேன். வைத்தது யார் என்று அவருக்கும் தெரிந்திருக்கலாம். எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. எழுத மாட்டேன்.

கம்பி காத்திருக்கிறது, ஆனால் வருவது எது என்று அதற்குத் தெரியாது. கேளையாடு என்கிற சின்ன மான் வரும், முள்ளம்பன்றி வரும், சிறுத்தை வரும். வைத்தவன் மூன்று நாள் கழித்து வந்து பார்ப்பான், பார்க்காமலும் விடுவான். அவுட்டுக்காய் இன்னும் மோசம். 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் வெடி வைத்த பழத்தைக் கடித்து, வாய் சிதைந்து, வெள்ளியாற்றில் நின்றே செத்த அந்த யானை கர்ப்பிணி. அது யானைக்கு வைத்ததில்லை, பன்றிக்கு வைத்தது என்று அப்போது சொன்னார்கள். பன்றிக்கு என்றால் மட்டும்?

இவர்களையும் என்னையும் வேட்டைக்காரன் என்ற ஒரே சொல்லில் அழைக்கும்போது உடம்பு கூசுகிறது.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. அந்த நொண்டிப் பன்றியின் தடம் மறுபடி ஓடையில்.

ஏப்ரல் 23, செவ்வாய்

சித்ரா பௌர்ணமி. மங்கலதேவிக்குப் போனோம். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் கண்ணகி கோயிலுக்குக் காட்டுப் பாதை திறக்கும். குமுளியிலிருந்து ஜீப்பில் ஏறினோம், கம்பம் பக்கத்துச் சனம் பளியன்குடி வழியாக நடந்து ஏறி வந்திருந்தது. மேலே நின்று பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது. தங்கை மகனுக்குக் கரடி நகம் கீறிய மரம் காட்டினேன், காட்டெருமைச் சாணி காட்டினேன். ஜீப்பில் இருந்த மற்றவர்கள் எதையும் பார்க்கவில்லை.

இந்தக் காடு மிஞ்சியதற்கு ராஜா காலத்துச் சட்டம் ஒரு காரணம். 1934இல் திருவிதாங்கூரில் நெல்லிக்காம்பெட்டி சரணாலயம் வந்தது, அதுதான் வளர்ந்து பெரியார் புலிகள் காப்பகம் ஆனது. காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்தும் வேட்டையாடியும் பிழைத்த குமுளி ஆட்களையே 1990களின் கடைசியில் காவலுக்கு மாற்றினார்கள். இன்றைக்கும் அவர்கள் முன்னால் நடக்க, சுற்றுலாக்காரர்கள் பின்னால் போகிறார்கள். காட்டை அறிந்தவர்களுக்கு அதிலேயே மரியாதையான வேலை கொடுத்தால் கெட மாட்டார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்பாவும் இந்தச் சரிவுகளை அறிந்தவர். தோட்டத்துத் துரைமாருக்கு வழி காட்டப் போவார். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் நிறுத்திவிட்டார், ஒரு நாளும் அதற்காகப் புலம்பியதில்லை. அதற்கு முன்னால் ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனார். ஒரு துரை அடித்த மிளா குடலில் காயத்தோடு ஓடிவிட்டது. துரை பங்களாவுக்குத் திரும்பிவிட்டார். அப்பா திரும்பவில்லை. இலையில் இருந்த ரத்தத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார், பச்சை கலந்திருந்தது. மறுநாள் மத்தியானம் அதைக் கண்டுபிடித்து முடித்தார். அன்றைக்கு நான் கேட்டேன், நீ அடிக்கவில்லையே, உனக்கென்ன என்று. "நாமதானே கூட்டிட்டு வந்தோம்" என்றார்.

ஏப்ரல் 26

ஓட்டுப் போட்டேன்.

மே 8, புதன்

இன்று நொண்டியை நேரில் பார்த்தேன்.

சாயந்தரம் ஐந்தரை இருக்கும். மோட்டார் ஓடவில்லை என்று ஓடைக்கு இறங்கினேன். சேற்றுக் குழியில் படுத்திருந்தது. காற்று என் முகத்துக்கு வந்துகொண்டிருந்தது. பன்றிக்குக் கண் மட்டம், மோப்பம்தான் எல்லாம். அதனால் என்னை அறியவில்லை. எழுந்து குறுக்காக நின்றது. இருபத்தைந்து அடி வைப்பு. பின்னால் ஓடைக் கரை, உயரமான மண். எல்லாம் ஒழுங்காக அமைந்திருந்தது. என் கையில் வாக்கத்தி.

ஆண். முதுகெலும்பு புடைத்திருந்தது. ஒரு பக்கக் கோரைப்பல் நுனி உடைந்திருந்தது. வலது முன்னங்கால் முட்டிக்குக் கீழே சூம்பி, நுனி உருண்டு போயிருந்தது. கம்பி இன்னும் உள்ளே இருக்கிறது. தோல் அதன் மேல் வளர்ந்து மூடியிருக்கிறது, ஒரு நுனி மட்டும் துருவேறி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நுனி புல்லில் மாட்டும்போதெல்லாம் காலைத் தூக்கித் தூக்கி உதறியது. ஆழமாகத் தோண்ட முடியாது அதனால். கீழே விழுந்த பலாப்பழத்தைத் தேடித்தான் வீடுகள் பக்கம் வருகிறது.

அது போகிறவரை நின்றேன். கை நடுங்கியது. வேட்டை ஆசையால் இல்லை, அந்தக் காலைப் பார்த்துத்தான். யாரோ வைத்த கம்பி, யாரோ போட்ட விதி, நடுவில் இது நடந்து திரிகிறது. ராத்திரி சாப்பிடவில்லை.

மே 9

பஞ்சாயத்து செகரட்டரியிடம் சொன்னேன். வனத்துறைக்குப் போன் செய்தார். அவர்களுடைய ஆட்கள் யானை விரட்டப் போயிருக்கிறார்கள், வருகிறோம் என்றார்களாம்.

மே 13

யாரும் வரவில்லை.

மே 21

மழை. விடாமல் பெய்கிறது. ஸ்டேஷனுக்குப் போய், உறையைத் திறந்து ஒரு தடவை துடைத்துத் தருகிறேன் என்று கேட்டேன். முடியாது என்றார்கள். ஐம்பது வருஷத்துத் துப்பாக்கி, அப்பாவுடைய பெயரிலிருந்து என் பெயருக்கு மாறியது. ஒரு துணி, இரண்டு சொட்டு எண்ணெய், பத்து நிமிஷம், அவர்கள் கண்முன்னாலேயே. இதில் தேர்தலுக்கு என்ன வந்துவிடும்?

மே 30

பருவமழை வந்துவிட்டது என்று அறிவித்துவிட்டார்கள். தடம் எல்லாம் கரைந்துவிடுகிறது. தங்கை மகன் காலையில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஓடைக்கு மேல் வழியில் இருக்கு மாமா, பழைய தடம், ஓரம் உடைஞ்சிருக்கு" என்றான். சரியாகச் சொன்னான்.

ஜூன் 7, வெள்ளி

கிடைத்துவிட்டது. நேற்றோடு நடத்தை விதி முடிந்ததாம். ரசீதைக் கொடுத்து வாங்கி, அங்கேயே மேஜையில் வைத்துக் குழலை மடக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். வலக்குழல் சுத்தம். இடக்குழலில், தோட்டா உட்காரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், செம்பழுப்பாக ஒரு தடம். வீட்டுக்கு வந்து கம்பியில் துணி சுற்றி மத்தியானம் வரை தேய்த்தேன். போய்விட்டது, ஆனால் அந்த இடத்தில் பளபளப்பு குறைந்திருக்கிறது. சுடுவதற்குக் குறையில்லை. மனசுக்குத்தான்.

நாலு மணிக்கு செகரட்டரி போன். நொண்டி பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வந்து போகிறது, இன்றைக்கே முடியுமா என்றார். உத்தரவை எழுத்தில் கொடுத்தால் வருகிறேன் என்றேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் சுட முடியாது, அதற்கு நேர் பின்னால் லயம், ஆள் குடியிருக்கிற இடம். ஓடைக்கு மேல் வழியில் பலா மரத்தடியில் மண்திட்டு இருக்கிறது, அங்கே உட்காரலாம். டார்ச் பிடிக்கத் தங்கை மகனை வரச் சொல்லியிருக்கிறேன். உத்தரவோடு பியூன் கிளம்பிவிட்டாராம்.