சவுக்குத் தோப்பில் பெயிண்ட்பால்: பதினோரு மாத உருண்டைக் கணக்கு

பிப்ரவரியில் முதல் பெயிண்ட்பால் ஆட்டம்; கன்னில் சாய உருண்டை போட்டு எதிர் அணி ஆளைச் சுடும் விளையாட்டு. வாங்கிய உருண்டை 200, சுட்டது 200, ஆள்மேல் பட்டது பூஜ்யம். பழைய பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அன்று ராத்திரி இதைத்தான் எழுதிவைத்தேன். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் "முழங்கை சிராய்ப்பு இரண்டு, செலவை வீட்டில் சொல்லவில்லை" என்று இருக்கிறது.

நான் கடலூர்க்காரன். வயது 37, நாள் முழுக்க நாற்காலியில் வேலை. புதுச்சேரிக்கு வடக்கே, ஈ.சி.ஆர். ரோட்டை விட்டுக் கடல் பக்கம் உள்ளே போனால் ஒரு சவுக்குத் தோப்பு. ஆபீஸில் ஒரு நாள் அங்கே கூட்டிப்போனார்கள். கூட வந்தவர்கள் மாஸ்க் போட்டு நாலு போட்டோ எடுத்துக்கொண்டார்கள், பிரியாணி சாப்பிட்டார்கள், மறந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் அது ஒட்டிக்கொண்டது. அப்புறம் மாதத்துக்கு ஒரு ஞாயிறு, கையில் காசு இருந்தால் இரண்டு ஞாயிறு, விடியற்காலையில் பைக்கை எடுத்துவிடுவேன்.

ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு அணி, ஆளுக்கொரு மூலை, நடுவிலோ எதிர் மூலையிலோ ஒரு கொடி. உருண்டை மேலே பட்டு உடைந்து சாயம் தெரிந்தால் அவுட். பட்டுத் தெறித்து உடையாமல் போனால் கணக்கில்லை, ஆடிக்கொண்டே இருக்கலாம். வலி மட்டும் கணக்கில் வரும்.

அந்த உருண்டையைக் கையில் வைத்துப் பார்த்தால் வைட்டமின் மாத்திரை ஞாபகம்தான் வரும். மாத்திரைக்கு இருப்பதுபோல அதே ஜெலட்டின் தோல், நடுவில் ஒட்டின கோடு. சுமார் 17 மில்லிமீட்டர் குறுக்களவு, எடை மூன்று கிராம் சொச்சம். உள்ளே இருப்பது எண்ணெய்ப் பெயிண்ட் இல்லை. பாலிஎத்திலீன் கிளைகால் என்ற வழவழப்பான திரவமும் சாயமும். தண்ணீரில் அலசினால் போய்விடும். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் மருந்திலும் இந்தக் கிளைகால் உண்டு என்று தெரிந்த பிறகு மாஸ்க் ஓட்டை வழியாக வாயில் தெறித்தால் உடனே துப்பிவிடுகிறேன்.

என்னோடு வரும் நண்பன் சுத்த சைவம். ஜெலட்டினை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று எவனோ அவனிடம் சொல்லித் தொலைத்துவிட்டான். புரட்டாசி மாதம் வந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். "மச்சான், மேல பட்டா குளிச்சிக்கலாம். வாய்ல பட்டா என்னடா பண்றது?" அந்த மாதம் முழுக்க அவன் வெளியே உட்கார்ந்து எங்கள் பைகளுக்குக் காவல் இருந்தான்.

சரி, முதல் நாள் 200 உருண்டை எங்கே போனது? அது புரியவே எனக்கு மூன்று மாதம் ஆனது. உருண்டை கிளம்பும் வேகத்துக்கு உச்ச வரம்பு நொடிக்கு 300 அடி. பல இடங்களில் 280க்கு மேல் விடமாட்டார்கள். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு கன்னையும் குரோனோகிராப் என்ற வேகம் அளக்கும் கருவி முன்னால் சுட்டுப் பார்த்துத்தான் உள்ளே அனுப்புவார்கள். கேட்க வேகம்போலத் தெரியும். ஆனால் முப்பது மீட்டர் தள்ளி இருக்கிறவனைப் போய்ச் சேர ஏறக்குறைய அரை நொடி ஆகும். ஓடுகிறவன் அரை நொடியில் இரண்டு மீட்டர் போய்விடுவான். நான் சுட்டதெல்லாம் அவன் கொஞ்சம் முன்னால் இருந்த இடத்தை. பாவம், காலி இடங்களை நன்றாகக் குறிபார்த்துச் சுட்டிருக்கிறேன். ஏப்ரலில் ஓடுகிறவனுக்கு இரண்டு எட்டு முன்னால், தலைக்கு ஒரு சாண் மேலே வைத்துச் சுட்டதில் ஒருத்தன் தொடையில் ஆரஞ்சு நிறம் பூத்தது. நோட்டில் அந்த நாளுக்கு இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

சவுக்குத் தோப்பு இந்த ஆட்டத்துக்கு ஒரு விதத்தில் வசதி, இன்னொரு விதத்தில் துரோகி. கீழே ஊசியிலை மெத்தை மாதிரி கிடக்கும், நடந்தால் சத்தமே வராது. கடல்காற்று வந்தால் மேலே ஒரே இரைச்சல், பக்கத்தில் இருமினால்கூடக் கேட்காது. ஆனால் மரம் ஒவ்வொன்றும் கை கனம்தான் இருக்கும். நான் ஒன்றின் பின்னால் ஒளிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆட்டத்துக்கு ரெப்ரியாக நின்ற தம்பி வந்து மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, மரம் உங்கள மறைக்கல. நீங்கதான் மரத்த மறைக்கிறீங்க." அன்றிலிருந்து டயர் அடுக்கோ பனந்துண்டோ கிடைத்தால்தான் நிற்கிறேன்.

அதே தம்பியிடம் ஜூன் மாதம் நன்றாகத் திட்டும் வாங்கினேன். புழுக்கத்தில் மாஸ்க் கண்ணாடி உள்ளே பனித்துவிட்டது, வியர்வை கண்ணில் எரிந்தது, யாரும் இல்லையே என்று இரண்டு விரலால் லேசாகத் தூக்கினேன். தோப்பே அதிரும்படி கத்தினான். ஆட்டத்தை நிறுத்தி எல்லோர் கன்னையும் கீழே இறக்கச் சொல்லிவிட்டு, என்னை வெளியே அனுப்பினான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், எனக்குக் கோபம் வந்தது நிஜம். கையில் பட்டால் வட்டமாகக் கன்றி ஒரு வாரத்தில் போகும். கண்ணில் பட்டால் கண்ணே போய்விடும். அவன் செய்தது சரி. இப்போது மாஸ்க்கின் உட்பக்கம் ஒரு சொட்டு ஷாம்பு தடவி, துணியால் தேய்த்துத் துடைத்துவிட்டுப் போடுகிறேன், இருபது நிமிடமாவது தாங்குகிறது. உள்ளே ஒன்றுமே தெரியவில்லை என்றால் கையைத் தூக்கி அவுட் என்று சொல்லிவிட்டு வெளியே வருவேன். மாஸ்க் மட்டும் எல்லையைத் தாண்டும்வரை முகத்திலேயே இருக்கும்.

அந்த வட்டத் தழும்பு ஒன்றை வீட்டில் பார்த்துவிட்டார்கள். "என்னங்க இது, ஆபீஸ்ல அடிக்கிறாங்களா?" அன்றைக்குத்தான் செலவுக் கணக்கும் வெளியே வந்தது. அதை இங்கே விரிவாகச் சொல்ல விருப்பமில்லை.

எங்கள் ஊர் வெயிலுக்கும் இந்த ஆட்டத்துக்கும் பிறவிப் பகை என்று மே மாதம் தெரிந்தது. அங்கே வாடகைக்குத் தரும் கன் எல்லாம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் ஓடுபவை. சிலிண்டருக்குள் பாதி திரவம், அது ஆவியாகி வரும் அழுத்தம்தான் உருண்டையைத் தள்ளுகிறது. 31 டிகிரியைத் தாண்டினால் இந்த வாயு திரவமாகவே நிற்காது. நமக்கு மே மாதம் விடியும்போதே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். காலை எட்டு மணிக்கு 270 காட்டிய என் கன் பதினோரு மணிக்கு 300ஐத் தாண்டியது, திரும்ப வாங்கித் திருகிக் குறைத்துக் கொடுத்தார்கள். இதற்கு நேர்மாறாக, பதற்றத்தில் விடாமல் பட்பட்டென்று முப்பது சுட்டபோது, உள்ளே திரவம் வேகமாக ஆவியாகிச் சூட்டையெல்லாம் இழுத்துக்கொண்டது. மே மாத மத்தியானம், பக்கத்தில் கடல், தார் ரோடு உருகுகிறது, என் கையில் இருந்த சிலிண்டர் கழுத்தில் வெள்ளையாக உறைபனி. விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். குச்சி ஐஸ் மேலே படியும் அதே தூள். அப்போது சுட்ட உருண்டை பத்து மீட்டரில் மண்ணில் விழுந்தது.

அன்று மதியம் இன்னொரு கூத்து. சாப்பிடப் போகும்போது சிலிண்டரை நிழலில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். நான் பைக் சீட்டின் மேல் வைத்துவிட்டுப் போனேன். தயிர்சாதத்தில் கை வைத்த நேரம், பட்டாசுபோல ஒரு வெடி, அப்புறம் நீளமாக 'உஸ்'. பாதுகாப்புத் தகடு கிழிந்து வாயு முழுக்க வெளியே போய்க்கொண்டிருந்தது. வெள்ளைப் புகைக்குள் என் பைக் தெரியவில்லை. அழுத்தம் மிஞ்சினால் சிலிண்டர் வெடிக்காமல், தான் கிழிந்து காப்பாற்றத்தான் அந்தச் சின்னச் செம்புத் தகடு இருக்கிறதாம். தகடு தன் வேலையைச் செய்தது. நான் அதற்குப் பணம் கட்டினேன்.

மிஞ்சின உருண்டைகளோடு வீட்டில் பட்ட பாடு தனி. வெயிலில் மெத்தென்று ஆகிவிடுகிறதே என்று ஒரு பையைப் பிரிட்ஜில், மாங்காய் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுத்த ஞாயிறு வெளியே எடுத்ததும் ஒவ்வொன்றும் வியர்த்தது. ஜெலட்டினுக்கு ஈரம் ஆகாது. ஈரம் பட்டால் ஊதிவிடும், ஊதினது கன்னின் குழாயான பேரலுக்குள் சிக்கி உடையும். பேரலுக்குள் ஒன்று உடைந்தால் அடுத்து வருவதெல்லாம் அந்த வழவழப்பில் சறுக்கிக்கொண்டு திக்குக்கொன்றாகப் போகும். அன்று நான் குறிபார்த்தது முன்னால் இருந்தவனை, பட்டது பக்கத்தில் நின்ற என் அணி ஆளின் முதுகில். இப்போது காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில், பீரோவின் கீழ்த்தட்டில் வைக்கிறேன். தினமும் ஒரு தடவை டப்பாவைப் புரட்டிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் இருப்பவை தட்டையாகிவிடும். அம்மா பார்த்துவிட்டு, "ஏன்டா, அடைகாக்கிறியா?" என்றார்.

எங்கள் பக்கம் குண்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1690ல் ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று ஒப்பந்தம். நாலு பக்கமும் சுட்டு எல்லை பிடித்தார்கள். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்றே பேர். குண்டு உப்பலவாடி என்ற பேரும் அதனால் வந்தது என்பார்கள். அந்த வழியாக பைக்கில் போகும்போதெல்லாம், அந்தப் பீரங்கிக்காரனுக்கு ஆள்மேல் படவேண்டிய கட்டாயம் இல்லையே என்று பொறாமையாக இருக்கும்.

பெயிண்ட்பாலின் கதை வேறு மாதிரி. இந்தக் கன் முதலில் விளையாட்டுக்கு வந்ததே இல்லை. அமெரிக்காவில் வெட்டவேண்டிய மரத்துக்கும், பிரிக்கவேண்டிய மாட்டுக்கும் தூரத்திலிருந்து அடையாளம் போட வைத்திருந்தது. 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் ஹென்னிகர் என்ற ஊர்க் காட்டில் பன்னிரண்டு பேர் அதை வைத்துக் கொடி பிடிக்கும் ஆட்டம் ஆடினார்கள். ஜெயித்தவர் ரிச்சி ஒயிட். மரம் வெட்டும் தொழில் தெரிந்தவர். ஒரு உருண்டைகூடச் சுடாமல் எல்லாக் கொடியையும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. என் நோட்டில் 200, 160, 140, 90 என்று குறைந்துகொண்டுதான் வந்தது. செப்டம்பரில் 37. டிசம்பரில் இரண்டு மழைக்கு நடுவே ஒரு ஞாயிறு தோப்பு திறந்தது. சுடுவதே இல்லை என்ற முடிவோடு போனேன். ஓரமாக, வயிற்றால் ஊர்ந்து, ஈர ஊசியிலை சட்டைக்குள் போக, நாற்பது நிமிடம். ஒருத்தன் என் கையை மிதிக்காத குறையாகத் தாண்டிப் போனான். கொடி கையில் வந்துவிட்டது. திரும்பி வரும்போது எங்கள் எல்லைக் கயிறு கண்ணுக்குத் தெரிந்ததும் எழுந்து ஓடினேன். அதுதான் தப்பு. சவுக்குக் காயில் கால் சறுக்கி விழுந்தேன். மல்லாந்து கிடந்த எனக்கு மேலே நின்று, "அண்ணே, சரண்டர் பண்றீங்களா, சுடவா?" என்று கேட்டான், காலேஜ் பையன். அவ்வளவு கிட்டத்தில் சுட்டால் வலிக்கும் என்பதால் அங்கே முதலில் கேட்கவேண்டும் என்று விதி. சரண்டர் என்றேன். கயிறு மூன்று அடி தூரத்தில் இருந்தது. அளந்தேன்.

நோட்டில்: உருண்டை 0, கொடி 0.

அன்று கிளம்பும்போது தோப்புக்காரர் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நாலு வருட மரம், வெட்டுக்கு வந்துவிட்டது, பொங்கல் முடிந்ததும் லாரி வரும் என்றார். பக்கத்துத் தோப்பு இன்னும் இடுப்பு உயரம்தான் இருக்கிறது. டப்பாவில் அறுபத்து மூன்று உருண்டை மிச்சம். இன்றைக்கு இன்னும் புரட்டவில்லை.