டெர்பிஷர் சரக்குக் கப்பலின் மாதிரி: முன்தளம் வரை

கடலில் தொலைந்த பிரிட்டிஷ் கப்பல்களுள் மிகப் பெரியதான டெர்பிஷரை 1:350 அளவில் செய்து வருகிறேன். அசல் கப்பலின் நீளம் ஏறத்தாழ 294 மீட்டர், அகலம் 44 மீட்டர். ஆகவே என் மேசையில் அது 84 சென்டிமீட்டர் நீளமும் பன்னிரண்டரை சென்டிமீட்டர் அகலமும் கொண்டதாக நிற்கிறது. கப்பலின் உடலும் மேல்தளமும் முடிந்து, முன்தளத்துப் பொருத்துகளும் இப்போது இடம்பெற்றுவிட்டன.

உடலைச் செய்வது எதிர்பார்த்ததைவிட எளிதாகவே இருந்தது. தாது, நிலக்கரி போன்றவற்றை மூட்டையின்றிக் குவியலாக ஏற்றும் மொத்தச் சரக்குக் கப்பலின் நடுப்பகுதி நெடுந்தொலைவு வளைவின்றி ஒரே குறுக்குவெட்டில் செல்வதால், ஒன்பது சரக்கறைகளைப் பிரிக்கும் தடுப்புச்சுவர்களின் இடங்களில் ஒட்டுப்பலகைச் சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மீது பிளாஸ்டிக் தகட்டை ஒட்டினாலே போதும். முகப்பையும் பின்புறத்தையும் மட்டும் பால்சா மரத்தில் செதுக்கி, புட்டி பூசி, மணல்தாளால் பலமுறை தேய்க்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்தின் டீஸ் ஆற்றங்கரையில் உள்ள ஹேவர்டன் ஹில் தளத்தில் ஸ்வான் ஹன்டர் நிறுவனம் கட்டிய ஆறு 'பிரிட்ஜ்' வகைக் கப்பல்களில் இதுவே கடைசி. 1976இல் 'லிவர்பூல் பிரிட்ஜ்' என்ற பெயரில் பணிக்கு வந்து, 1978இல் டெர்பிஷர் ஆயிற்று. தாது, நிலக்கரி, கச்சா எண்ணெய் ஆகிய மூன்றையும் மாறி மாறிச் சுமக்கும் வகையைச் சேர்ந்தது என்பதால் இதன் பக்கச்சுவர்கள் இரட்டையாக அமைந்தன. நான்காண்டுப் பணிக்காலத்தில் ஏறத்தாழ பாதியைச் சரக்கின்றிக் கட்டிவைக்கப்பட்ட நிலையிலேயே கழித்தது. இத்தனை பெரிய முதலீடு அவ்வளவு காலம் சும்மா கிடந்ததை எண்ணும்போது வருத்தமாகவே இருக்கிறது.

நான் அதிக நேரம் செலவிட்டது முன்தளத்தில்தான். பல சரக்குக் கப்பல்களில் முகப்பின்மேல் உயர்ந்த முன்கட்டு ஒன்று இருந்து, எதிரே வரும் அலையின் வேகத்தைக் குறைக்கும். டெர்பிஷரில் அது இல்லை. மேல்தளம் முகப்பு வரை ஒரே மட்டமாகச் செல்கிறது. அந்த வெட்டவெளியில் நங்கூர வின்ச்சுகள், போசன் ஸ்டோருக்கு (கயிறு, கருவிகள் வைக்கும் முகப்பு அறை) இறங்கும் சிறு ஹேட்ச் (மூடியுள்ள தளத் திறப்பு), காற்றோட்டக் குழாய்கள், முகப்புத் தொட்டிகளின் காற்றுக் குழாய்கள் ஆகியவை நிற்கின்றன. கப்பல் எவ்வளவு ஆழம் வரை சுமை ஏற்றலாம் என்பதை வரையறுக்கும் 1966ஆம் ஆண்டின் சர்வதேச சுமைக்கோட்டு உடன்படிக்கை, இத்தகைய இடத்தில் காற்றோட்டக் குழாயின் அடிக்கட்டு குறைந்தது 900 மில்லிமீட்டரும், காற்றுக் குழாய் 760 மில்லிமீட்டரும் உயரம் கொள்ள வேண்டும் என்கிறது. என் அளவில் அவை முறையே 2.6, 2.2 மில்லிமீட்டர். பித்தளைக் கம்பியை வெட்டி, நுனியில் சிறு வட்டத் தகட்டை ஒட்டி அவற்றைச் செய்தேன். இடுக்கியால் பிடித்து ஒவ்வொன்றாக நிறுத்திய பிறகு சற்று விலகி நின்று பார்த்தால், 84 சென்டிமீட்டர் உடலின் முன்னே அவை கண்ணில் படுவதேயில்லை.

ஆனால் இக்கப்பலின் முடிவு அந்தக் குழாய்களிலிருந்தே தொடங்கியது. 1980 ஜூலையில் கனடாவின் செட்டீல் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,57,000 டன் இரும்புத் தாதுவுடன் ஜப்பானின் கவாசாகிக்குப் புறப்பட்ட கப்பல், செப்டம்பர் 9ஆம் தேதியளவில் 'ஆர்கிட்' சூறாவளியில், அபாயச் செய்தி ஒன்றுகூட அனுப்பாமல் 44 பேருடன் மூழ்கியது. இயற்கையின் சீற்றம் அதை விழுங்கியிருக்கலாம் என்று 1989இல் முதல் விசாரணை முடித்துக்கொண்டது. உறவினர்கள் விடவில்லை. 1994இல் நான்கு கிலோமீட்டருக்கும் கீழே சிதைவுகள் கண்டறியப்பட்டன; பின்னர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. போசன் ஸ்டோர் மூடியை மாலுமிகள் சரியாகப் பூட்டவில்லை என்று 1998இல் சிதைவுகளை ஆராய்ந்த மதிப்பீட்டாளர்கள் கூறியதை, நீதிபதி கோல்மன் தலைமையிலான மறுவிசாரணை 2000இல் நிராகரித்தது. அலைகள் காற்றோட்டக் குழாய்களையும் காற்றுக் குழாய்களையும் பெயர்த்ததால் முகப்பு அறைகளில் நீர் புகுந்தது என்றும், முகப்பு தாழத் தாழ அலைகள் முதல் சரக்கறையின் ஹேட்ச் மூடிமேல் நேராக விழுந்து அதை உடைத்தன என்றும் அது முடிவு செய்தது. மாலுமிகள்மீது விழுந்த பழி நீங்கியது இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமான செய்தி. அதனால்தான் மாதிரியில் அந்தச் சிறு ஹேட்ச்சை இறுக மூடிய நிலையிலேயே அமைத்திருக்கிறேன்.

முதல் ஹேட்ச் மூடிக்கு 0.5 மில்லிமீட்டர் தகட்டை எடுத்துக்கொண்டேன். பக்கவாட்டில் உருண்டு திறக்கும் இரு பலகங்களாக அதை வெட்டினேன். சுமைக்கோட்டு உடன்படிக்கை இம்மூடிகளுக்கு எடுத்துக்கொண்ட அலைச்சுமை சதுர மீட்டருக்கு 1.75 டன் மட்டுமே. டெர்பிஷர் அந்த விதிக்கு உட்பட்டே கட்டப்பட்டது; விதிதான் அந்தக் கடலுக்குப் போதாதிருந்தது. பின்னர் புதிய மொத்தச் சரக்குக் கப்பல்களுக்கு முன்கட்டு கட்டாயமாயிற்று, முன்புற ஹேட்ச் மூடிகளின் வலிமையும் உயர்த்தப்பட்டது.

அடுத்த வேலை, நடுச் சரக்கறை ஒன்றின் பக்கச்சுவரை வெட்டித் திறந்து இரட்டைச் சுவரைக் காட்டுவது. மூழ்கும்போது அந்த இடைவெளிகள் நீரழுத்தத்தில் உள்நோக்கி நொறுங்கியதே சிதைவுகள் அவ்வளவு பரவிக் கிடந்ததற்குக் காரணம். உள்ளே தாதுக் குவியலும் வைக்கப்போகிறேன். ஒரே எடையுள்ள நிலக்கரி அடைக்கும் இடத்தில் தாது மூன்றில் ஒரு பங்கை மட்டுமே அடைக்கும் என்பதால், அறையின் பெரும்பகுதி வெறுமையாகவே தெரியும்.