டர்ஹாமில் இரண்டு கல்லறைகளும் ஒரு கேலிச்சித்திரக்காரரும்

லண்டன் கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறினால் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் டர்ஹாம். ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால் உயரமான வளைவுப் பாலம் ஒன்று வரும். அப்போது வலப்பக்க ஜன்னலைப் பார்க்க வேண்டும். ஊருக்கு மேலே, மரங்கள் அடர்ந்த குன்றின் உச்சியில் கதீட்ரலும் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பெட்டியில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தோம்.

நான் போனது ஒரு புத்தகத்துக்காக. கத்பர்ட் பீட் என்பவர் எழுதிய 'மிஸ்டர் வெர்டன்ட் கிரீனின் சாகசங்கள்'. முதல் பாகம் 1853-ல் வந்தது. கதையும் அவருடையது, படங்களும் அவருடையவை. ஆக்ஸ்போர்டுக்குப் புதிதாக வரும் ஒரு வெகுளிப் பையனைச் சீனியர்கள் எப்படியெல்லாம் ஏய்க்கிறார்கள் என்பதுதான் கதை. அவன் கண்ணாடி போட்டவன். நண்பர்கள் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் 'கிக்-லாம்ப்ஸ்', அதாவது குதிரை வண்டி விளக்குகள். படத்தில் எத்தனை பேர் நெருக்கியடித்து நின்றாலும் கண்ணாடியை வைத்தே அவனைக் கண்டுபிடித்துவிடலாம்.

அந்தக் காலத்து ஒழுங்குமுறை தெரிந்தால்தான் இந்தக் கேலி முழுதாகப் பிடிபடும். ஆக்ஸ்போர்டில் மாணவர்களின் ஒழுங்கைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு 'பிராக்டர்' என்று பெயர். ஆண்டுதோறும் இரண்டு பிராக்டர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். வெல்வெட் கை வைத்த அங்கியோடு இரவில் தெருத்தெருவாக ரோந்து வருவார்கள். கூடவே, ஓடுகிறவனைத் துரத்திப் பிடிக்க ஆட்கள் வருவார்கள். மாணவர்கள் அவர்களை 'புல்டாக்' என்றார்கள். இருட்டிய பிறகு அங்கியும் சதுரத் தொப்பியும் இல்லாமல் ஒருவன் சிக்கினால், பிராக்டர் தன் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துவிட்டுத்தான் கேட்பார்: "உங்கள் பெயர், கல்லூரி?" அப்புறம் அபராதம். தவறு கொஞ்சம் பெரிதென்றால், குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு கல்லூரி வாசலைத் தாண்டக் கூடாது. அதற்கும் மேலே போனால் சில காலத்துக்கு ஊருக்கே அனுப்பிவிடுவார்கள். தொப்பியைத் தூக்கிவிட்டுத் தண்டிக்கிற அந்த மரியாதையில்தான் கேலிச்சித்திரக்காரனுக்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது. கதையில் நவம்பர் 5 இரவு, ஊர்க்காரர்களோடு சண்டை போடுவதற்காக மாணவர்கள் ஒரு குத்துச்சண்டை வீரனைக் கூட்டி வந்து அங்கியை மாட்டிவிடுகிறார்கள். அங்கி போட்டவனெல்லாம் மாணவன்தானே!

இவ்வளவு நுணுக்கமாக ஆக்ஸ்போர்டை வரைந்தவர் பட்டம் வாங்கியது அங்கே இல்லை, டர்ஹாமில். அவருடைய உண்மைப் பெயர் எட்வர்ட் பிராட்லி. 1848-ல் இங்கே பி.ஏ. முடித்தார். அவர் படித்த யுனிவர்சிட்டி கல்லூரி இந்தக் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. 1832-ல் பல்கலைக்கழகம் தொடங்கியபோது பிஷப் வான் மில்டர்ட் பெரும் துணையாக நின்றார். 1837-லிருந்து பிஷப்புகளின் கோட்டை மாணவர்களின் வீடாயிற்று.

சுற்றிக் காட்டியது அங்கேயே படிக்கும் ஒரு மாணவி. 'கறுப்புப் படிக்கட்டு' என்று ஒன்று, 17-ஆம் நூற்றாண்டின் மர வேலை. உள்பக்கமாகச் சரிந்து, பிறகு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இருபது வயது பிராட்லியும் இதில் தடதடவென்று இறங்கியிருப்பார் என்ற நினைப்பு எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

எதிரே கதீட்ரல். பெரிய பலிபீடத்துக்குப் பின்னால் தரையில் ஒரு கல், அதில் கத்பர்ட் என்ற பெயர் மட்டும். மேற்குக் கோடியில் கலிலீ சேப்பல் என்ற வழிபாட்டுக் கூடத்தில் கரிய கல் பலகை போட்ட கல்லறை: 'இந்தக் குழியில் வணக்கத்துக்குரிய பீடின் எலும்புகள் உள்ளன' என்று லத்தீனில் வெட்டியிருக்கிறது. கத்பர்ட், பீட். தினமும் தன் ஜன்னலுக்கு எதிரே உறங்கிய இரண்டு புனிதர்களின் பெயரைத்தான் அந்தப் பையன் கேலிச்சித்திரத்தின் கீழே கையெழுத்தாகப் போட்டுக்கொண்டான்! படித்துத் தெரிந்துகொண்ட விஷயம்தான். ஆனாலும் அந்த இரண்டு கற்களுக்கும் நடுவே, கதீட்ரலின் நீளம் முழுக்க நடந்து பார்த்தபோதுதான் அதில் இருக்கும் உரிமை எனக்குப் புரிந்தது. வெளியாள் இப்படிப் பெயர் வைத்துக்கொள்ள மாட்டான். பிராட்லியும் பிற்பாடு பாதிரியார்தான். 1889-ல் இறக்கும்வரை அந்தப் பணியில் இருந்தார்.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். பிராக்டர்களின் கை மாணவர்களோடு நின்றுவிடவில்லை. தெருவில் நடக்கும் பெண்களைச் சந்தேகத்தின் பேரில் பிடிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. கேம்பிரிட்ஜில் அப்படிப் பிடித்தவர்களை அடைக்கத் தனிச் சிறையே இருந்தது, 'ஸ்பின்னிங் ஹவுஸ்' என்று பெயர். 1846-ல் எலிசபெத் ஹவ் என்ற இளம்பெண் அங்கே ஈரப் படுக்கையில் ஓர் இரவு கிடந்து, நோயுற்று இறந்துபோனாள். பிராட்லி டர்ஹாமில் படித்துக்கொண்டிருந்த சமயம் அது. கேம்பிரிட்ஜின் அந்த அதிகாரம் 1894-ல்தான் பறிக்கப்பட்டது. நான் பார்த்த பிராக்டர் படங்களில் மாட்டிக்கொள்வதெல்லாம் அபராதம் கட்ட வசதியுள்ள பையன்கள். எலிசபெத்தை யாரும் வரையவில்லை. இந்தப் படங்களை நேசிக்கிற எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வெளியே வந்து பேலஸ் கிரீன் புல்வெளியில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். கோட்டை வாசலை நோக்கி ஒரு பையன் ஓடினான். இரவு விருந்துக்கு நேரமாகிவிட்டது போல. கறுப்பு அங்கியின் ஒரு கையை மாட்டியிருந்தான், இன்னொன்று தரையில் இழுபட்டுக்கொண்டு போனது.