பவர் சீட் அடம் பிடித்தால்: முதலில் காது, அப்புறம் ஸ்பேனர்

பதினைந்து வருஷத்துப் பழைய கேம்ரியோ அக்கார்டோ சூப்பர்போ வைத்திருப்பவர்கள் என்றாவது ஒரு நாள் பவர் சீட், அதாவது பட்டனை அழுத்தினால் மோட்டாரில் நகரும் சீட், நின்றுபோய் மெக்கானிக்கிடம் இந்த வார்த்தையைக் கேட்டே தீருவார்கள்: "மோட்டார் பூடுச்சு சார், சீட்டோட மாத்திக்கலாம்." அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். சீட்டுக்கு அடியில் கடைசியாகச் சாவது மோட்டார்தான். அதற்கு முன்னால் கிரீஸ், கேபிள், சுவிட்ச், வயர் என்று நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

கார் கதவை மூடி, ஏசி ஃபேனை நிறுத்தி, பட்டனை அழுத்திக் கேளுங்கள். சத்தமே இல்லையென்றால் கரன்ட் போகவில்லை, அல்லது மோட்டார் சூடாகித் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. பல சீட் மோட்டார்களுக்குள் சூட்டுக்குத் துண்டித்துக்கொள்ளும் பாதுகாப்பு உண்டு. நகராத சீட்டை விடாமல் அழுத்தினால் அது வெட்டிவிடும். பத்து நிமிஷம் விட்டுப் பிறகு அழுத்துங்கள். 'ம்ம்' என்று முனகி நின்றால் மோட்டார் நல்லது, சீட் ஓடும் ரெயில் இறுகியிருக்கிறது. 'விர்ர்' என்று லேசாகச் சுற்றிக்கொண்டே சீட் நகராமல் இருந்தால் மோட்டாரின் சுற்றை ரெயிலுக்குக் கொண்டுபோகும் கேபிளின் நுனி தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் ரெயிலில் உள்ள குட்டி கியர்பாக்ஸின் நைலான் பல் போயிருக்கிறது. முன்னால் போகிறது, பின்னால் வரவில்லை, மோட்டாரிலும் சத்தமில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், சுவிட்ச்.

கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் எளிது. மோட்டாருக்கு இரண்டே வயர். பட்டனைத் தொடாதபோது இரண்டும் சுவிட்ச் வழியாக எர்த்தில் இருக்கும். முன்னால் அழுத்தினால் ஒரு வயருக்கு 12 வோல்ட் வரும், மற்றது எர்த்திலேயே நிற்கும். பின்னால் அழுத்தினால் தலைகீழ். ஏதாவது ஒரு பக்கத்து எர்த் பாயின்ட் கரி பிடித்தால் ஒரு திசை மட்டும் செத்துப்போகும். சுவிட்சைக் கழற்றி, ஒரு துணியை விரித்து அதன் மேல் வைத்துத் திறங்கள். உள்ளே இருக்கும் குட்டி ஸ்பிரிங் தெறித்தால் கார்பெட்டில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. செம்புப் பாயின்டை மிக நைஸான எமரி பேப்பரால் இரண்டு இழுப்பு, பிறகு கான்டாக்ட் கிளீனர். அவ்வளவுதான்.

இனி ரெயில். வட ஆற்காட்டு வெயிலில் கிரீஸ் படும் பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். மே மாதம் வேலூரில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம்; கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள் இன்னும் எத்தனையோ அதிகம். வருஷக்கணக்கில் இப்படிக் காய்ந்தால் கிரீஸிலிருக்கும் எண்ணெய் பிரிந்து போய், அதைக் கெட்டியாக வைத்திருந்த சோப்பு மட்டும் மெழுகுபோல் தங்கும். அதில் பாலாற்றுப் பக்கத்து நைஸ் மண் ஒட்டினால் எமரி பேஸ்ட்தான். ரெயிலுக்குள் இருக்கும் நீள ஸ்குரூவின் மரைகளில் விரல் வைத்தால் பழுப்பு நிறத்தில், பழைய வெல்லப்பாகு மாதிரி ஒட்டும். மார்கழிக் காலையில் நகராத சீட் மதியம் வெயில் ஏறியதும் நகர்ந்தால் இதுதான் காரணம்; வேறு எதையும் பிரிக்க வேண்டாம்.

சீட்டைக் கழற்றும் முறை. கொஞ்சமாவது நகருமானால் பின்னால் தள்ளி முன் போல்ட் இரண்டையும், முன்னால் தள்ளிப் பின் போல்ட் இரண்டையும் எடுங்கள். ஜப்பான் கார்களில் பெரும்பாலும் 14 நம்பர் பாக்ஸ் ஸ்பேனர். ஐரோப்பியக் கார்களில் நட்சத்திர முனை கொண்ட டார்க்ஸ் அல்லது பல்முனை பிட் கேட்கும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றிப் பத்து நிமிஷம் காத்திருந்துதான் சீட்டுக்கு அடியில் வயர்களை இணைக்கும் கப்ளர்களைத் தொட வேண்டும். மஞ்சள் கப்ளர் ஏர்பேக்கினுடையது. அதில் மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப் எதுவும் வைக்கக் கூடாது. அது கழன்றிருக்கும்போது இக்னிஷனும் போடக் கூடாது; போட்டால் ஏர்பேக் விளக்கு எரிந்து, அதை அணைக்க ஸ்கேனர் தேடி அலைய வேண்டிவரும்.

துளிகூட நகராத சீட், போல்ட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறதா? நீளவாட்டில் நகர்த்தும் மோட்டாரின் இரண்டு வயர் கப்ளரைக் கழற்றி, நடுவில் 20 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட இரண்டு வயரால் 12 வோல்ட் நேரடியாகக் கொடுங்கள். வயரை மாற்றிப் பிடித்தால் திசை மாறும். பைக் பேட்டரியே போதும். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். அதற்கும் அசையாவிட்டால் மோட்டாரிலிருந்து கேபிளை உருவி, பழைய கேபிள் துண்டு ஒன்றை டிரில் சக்கில் மாட்டி, கியர்பாக்ஸ் ஓட்டையில் செருகி மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு ரெயிலையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு பக்கத்தை மட்டும் சுற்றினால் சீட் கோணிக்கொண்டு இன்னும் இறுகும்.

சீட்டைக் கவிழ்த்ததும் முதலில் கையால் துழாவுங்கள். ஒரு ரூபாய்க் காசு, ஹேர்பின், பேனா மூடி, புளியங்கொட்டை எல்லாம் ரெயிலில் கிடைக்கும். அதைவிட அதிகம் தொல்லை தருவது சீட் கவர் நாடா. கடையில் கவர் மாட்டும்போது எலாஸ்டிக்கை அடியில் எங்காவது முடிச்சுப் போட்டு விட்டுவிடுகிறார்கள். அது தளர்ந்து ஸ்குரூவில் சுற்றிக்கொள்கிறது. சுற்றிய நாடாவை இழுக்காமல் பிளேடால் அறுத்து எடுங்கள்.

பழைய கிரீஸை மண்ணெண்ணெயும் டூத் பிரஷ்ஷும் கொண்டு கரைத்து, துணியால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். மோட்டாரிலும் குஷனிலும் மண்ணெண்ணெய் படக் கூடாது. பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ், ஒரு ரெயிலுக்கு ஒரு டீஸ்பூன் போதும். ஸ்குரூ மரையிலும் ரெயிலின் பந்துகள் ஓடும் பாதையிலும் மட்டும். துருநீக்கி ஸ்ப்ரே அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. அது பழைய கிரீஸை இளக்கும், சில வாரத்தில் உலரும், மண்ணை ஒட்டவைக்கும். வீல் பேரிங் கிரீஸும் வேண்டாம், இந்தச் சின்ன மோட்டாருக்கு அது பாரம்.

ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் நின்றுவிடும் சீட்டுக்குக் கேபிளைப் பாருங்கள். நடு மோட்டாரிலிருந்து இரண்டு ரெயிலுக்கும் போகும் கேபிளின் உள்கம்பி நுனி சதுரமாக இருக்கும். முனை மழுங்கி உருண்டையாகிவிட்டால் கியருக்குள் வழுக்கும். புதுக் கேபிள் கிடைக்காதபோது செய்யும் வேலை இது: வெளி உறையை மட்டும் ஒரு நுனியில் 4, 5 மில்லிமீட்டர் வெட்டிக் குறைத்தால், உள்கம்பி அந்த அளவு ஆழமாகப் போய்த் தேயாத சதுரத்தில் பிடிக்கும். உள்கம்பியில் பிளேடு படக் கூடாது. மாட்டும் முன் இரண்டு ரெயிலும் ஒரே அளவில் நிற்கின்றனவா என்று டேப் வைத்து அளந்து, டிரில்லால் சமப்படுத்துங்கள். 5 மில்லி வித்தியாசம் இருந்தாலே சீட் நடுவழியில் இறுகும்.

கரன்ட் பக்கம் சந்தேகம் என்றால், பட்டனை அழுத்தியபடியே மோட்டார் கப்ளரில் வோல்ட் பாருங்கள். மோட்டார் மாட்டியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். கழற்றிவிட்டுப் பார்த்தால் அறுந்துபோகவிருக்கும் ஒற்றை இழைகூட 12 காட்டி ஏமாற்றும். 11 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் வழியில் எங்கோ எதிர்ப்பு. சீட்டோடு சேர்ந்து மடங்கும் இடத்தில் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கும், அல்லது எலி கடித்திருக்கும், அல்லது தரையை முழுக்க மூடும் 7டி மேட்டுக்கு அடியில் தேங்கிய மழைத்தண்ணீரில் கப்ளர் பச்சை பூத்திருக்கும். இந்த மேட் ஈரத்தை மாதக்கணக்கில் வெளியே விடாது. வயரைச் சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் கத்திரி வெயிலில் பசை உருகி வழுக்கிவிடும். ஃபியூஸ் போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போடுவது, கார்பெட்டுக்கு அடியில் அடுப்பு மூட்டுவது.

மோட்டாருக்கு 12 வோல்ட் முழுசாக வந்தும், கேபிளைக் கழற்றியும் சுற்றவில்லை என்றால்தான் மோட்டார் பழுது. அப்போதும் பெரும்பாலும் உள்ளே சுற்றும் பகுதிக்குக் கரன்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்தான் தேய்ந்திருக்கும். மிக்ஸி கார்பனை உரசிப் போடும் பழக்கம் இருக்கிறது. வேண்டாம். அது 230 வோல்ட்டுக்கானது, எதிர்ப்பு அதிகம். மோட்டார் சோனியாகச் சுற்றும். செம்பு கலந்த வைப்பர் மோட்டார் கார்பனை அளவுக்கு உரசிப் போடுங்கள்.

உட்காரும் நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் மெமரி சீட் என்றால் கணக்கு கொஞ்சம் வேறு. அரை விநாடி ஓடி நின்று, மறுபடி அழுத்தினால் மறுபடி அரை விநாடி ஓடினால், மோட்டாரின் சுற்றை எண்ணும் சென்சார் சொல்வது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகவில்லை. பேட்டரி கழற்றிய பிறகு பல கார்களில் சீட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓட்டி, எல்லையைக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும்.

மாட்டும்போது நாலு போல்ட்டையும் முதலில் கையால் பிடிக்கவைத்து, அப்புறம் முறுக்குங்கள். பல கார்களில் 40 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். உங்கள் கார் மேனுவலில் இருப்பதே கணக்கு. மஞ்சள் கப்ளர் 'டிக்' என்று பூட்டிய பிறகே பேட்டரி.

எதுவும் தேறாமல் பழைய கார் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போக வேண்டி வந்தால் முழு சீட் வாங்காதீர்கள். மோட்டாரோடு சேர்ந்த ரெயில் செட்டாகக் கேளுங்கள். டிரைவர் பக்கத்தது பக்கத்து சீட்டுக்குப் பொருந்தாது என்பதால் பழையதைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. ஒரு பைக் பேட்டரியும் பையில் இருக்கட்டும். கடைக்காரர் முன்னாலேயே இரண்டு கோடி வரை ஓட்டி, இரண்டு ரெயிலும் ஒரே அளவில் நிற்கிறதா என்று டேப் வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.